அத்தானின் பெயருக்கு முன்னால்

கலியாண அழைப்பிதழின் மாதிரித் தாளை, லண்டன் டூட்டிங்கில் அச்சகம் வைத்திருந்தவர் நோர்பரியில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து மேசையில் விரித்தார். மஞ்சள் மட்டை, மேலே பிள்ளையார், கீழே இரண்டு பக்கத்துப் பெற்றோரின் பெயர்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் ‘திரு, திருமதி’ என்று ஒழுங்காக இருந்தார்கள். பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டிருந்தது. “அண்ணை, இதிலை ‘திரு’ எண்டு போடுறதோ, ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதோ? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை” என்று அவர் கேட்டார். பெண்ணின் தகப்பன் என் அத்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு மேசையின் மறுபக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. “நாளைக்குச் சொல்லுறம் எண்டு சொல்லு தம்பி” என்றார், அச்சகக்காரர் ஏதோ அடுத்த அறையில் இருப்பதுபோல. அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் கப்பலுக்குப் போனவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து இளந்தாரிகள் பலருக்கும் அதுதான் வழி. கொழும்பில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, கிரேக்கக் கொடி, பனாமாக் கொடி என்று ஏதோ ஒரு கொடி பறக்கும் சரக்குக் கப்பலில் ஏறிவிடுவார்கள். கடிதத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் ஆள் எந்த நாட்டில் நிற்கிறார் என்று வீட்டுக்குத் தெரியும். அத்தான் எஞ்சின் அறையில் வேலை செய்தார். ஒரு தை மாதத்துப் புயலில் அந்தக் கப்பல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கியது. சிலரைக் காப்பாற்றினார்கள். சிலரின் உடல்கள் உடனே கிடைத்தன. அத்தான் இரண்டு கூட்டத்திலும் இல்லை. மூன்று கிழமை கழித்து ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்துக் கரையில் இன்னோர் உடல் ஒதுங்கியது. முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாத நிலை. காணாமல் போனவர்கள் ஐந்தாறு பேர், ஐந்தாறு நாட்டுக்காரர்கள்.

கப்பல் ஏஜெண்டிடம் அத்தான் கொடுத்திருந்த உறவினர் விலாசம் என்னுடையது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம், பெற்றோல் நிலையத்தில் வேலை. பொலிஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். உடம்பில் தாங்கள் கண்டதை அவர்கள் சொல்லவில்லை. காணாமல் போனவரின் அடையாளங்களை நாங்கள் எழுத வேண்டும், அவர்கள் ஒத்துப்பார்ப்பார்கள். முடிந்தால் நேரில் வரலாம் என்றும் இருந்தது. நான் போகவில்லை. ஷிப்ட் இருக்கிறது, லீவு தரமாட்டார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயம். அதுவரை நான் ஒரு பிணத்தைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. அதுவும் சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போன மனிதரை அப்படிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். அக்கா கணக்கு ரீச்சர். பதிலும் கணக்குப்போலவே இலக்கமிட்டு வந்தது. ஒன்று, உயரம். இரண்டு, இடது தோளில் மச்சம். மூன்று, வலது முழங்காலில் சைக்கிளால் விழுந்த தழும்பு. நான்கு, மீசை. நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் படிவத்தில் இறக்கி அனுப்பினேன். மூன்று கிழமை கடலில் கிடந்த உடம்பில் மச்சத்தையும் தழும்பையும் யார் கண்டுபிடிப்பது? வந்த பதில்களில் எதுவும் திட்டமாகப் பொருந்தவில்லை, அந்த உடலை ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டோம் என்று சித்திரையில் இன்னொரு கடிதம் வந்தது. அக்காவுக்கு அறிவித்தேன். “அது ஆரோ ஒரு பாவம். அத்தான் இல்லை” என்று பதில் எழுதியிருந்தார்.

அந்த ஆண்டு ஐப்பசி மாதம் என்று நினைக்கிறேன். ஆறு பேர் குடியிருந்த வீட்டின் குளியலறையில் குளித்துக்கொண்டு நின்றபோது என் இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிறு இற்று அறுந்து காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். அந்தக் கறுப்புக் கயிற்றைக் கையில் பிடித்தபோதுதான் நினைவு வந்தது. அத்தான் கப்பலுக்கு வெளிக்கிட்ட அன்று நானும் அந்த வீட்டில் நின்றேன். அக்கா கோயிலில் வைத்தெடுத்த, மந்திரத் தகடு சுருட்டிய வெள்ளி அச்சரக்கூட்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, அத்தானின் இடுப்பில் தன் கையாலேயே கட்டி, மூன்று முடிச்சுப் போட்டார். அத்தான் கூச்சம் தாங்காமல் நெளிந்தார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். எங்கள் ஊரில் பிறந்த ஆண்பிள்ளை எவனுடைய இடுப்பிலும் அப்படி ஒரு கயிறு கிடக்கும். அதை யாராவது அடையாளம் என்று நினைப்பானா? கையில் பத்து விரல் இருக்கிறது என்று எழுதுவதுபோல அல்லவா இருக்கும்! ஆனால் ஸ்கொட்லாந்துப் பொலிஸ்காரனுக்கு அந்த ஒரு வரி போதும். பிலிப்பைன்ஸ்காரனும் கிரேக்கனும் இடுப்பில் அச்சரக்கூடு கட்டுவதில்லை.

பொலிஸின் கடிதம் என் பெட்டிக்குள்தான் இருந்தது. விலாசம் இருந்தது. ஒரு முத்திரை போதும். நான் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். அதற்குள் அக்காவிடமிருந்து வேறு கடிதம் வந்துவிட்டது: வேறொரு கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதாக யாரோ சொன்னார்களாம், அத்தான் எங்கேயோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கலாமாம், சாத்திரி கண்டம் தப்பிவிட்டது என்று சொன்னாராம். அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நான் எதை எழுதுவது? அக்காவும் என்னைப்போலவே அந்தக் கயிற்றை மறந்துபோனார், நல்லதாய்ப் போயிற்று என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தொண்ணூறில் அக்கா மகளோடு லண்டனுக்கு வந்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனைத் தொலைத்த பிள்ளை, அப்போது பதினெட்டு. யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்த அக்கா இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் துணி மடித்தார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் காதைத் திருகினார். பொட்டு, தாலி, கலர்ச் சேலை எதையும் விடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொட்டு மோர்டனிலிருந்து லூயிஷாம்வரை எத்தனை வாய்க்கு வேலை கொடுத்தது! கலியாண வீடுகளில் ஆராத்தி எடுக்கச் சுமங்கலிகளைத் தேடும்போது அக்காவைக் கண்டதும் ஆட்களுக்குத் தடுமாற்றம் வரும். கூப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். கூப்பிடாவிட்டால் அக்காவின் வாயில் விழ வேண்டும். ஒருமுறை ஒரு பெண்மணி மழுப்பி மழுப்பித் தட்டை வேறு யாரிடமோ நீட்ட, அக்கா சபையில் வைத்தே கேட்டுவிட்டார்: “ஏன், என்ரை மனுசன் செத்ததை நீர் கண்டனீரோ?” அதற்குப் பிறகு எங்களுக்குச் சில வீட்டு அழைப்பிதழ்கள் வராமல் போயின.

வந்து ஆறு வருடத்தில் அக்காவின் மகளுக்குப் பேசி வந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம். பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. ஆவணியில் கலியாணம், மண்டபமும் எடுத்தாயிற்று. ஆனால் மாப்பிள்ளையின் தாய் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “குறையாய் நினையாதையுங்கோ. மனுசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒரு முடிவு வேணும். தாரை வார்க்கிறது ஆர்? கலியாணக் காட்டிலை என்ன போடுறியள்? நாலு சனம் கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது?” கேட்டதில் பிழை சொல்ல முடியாது. அதை நான் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்க, மகள் எங்களுக்குச் சொல்லாமலே ஒரு வேலை செய்திருந்தாள். என் பழைய பெட்டியைக் கிண்டி அந்தப் பொலிஸ் கடிதத்தை எடுத்து, அதில் இருந்த கிராமத்தின் தபாற்கந்தோருக்கு எழுதியிருந்தாள். அங்கே தபாற்கந்தோர் நடத்தும் அம்மையாரே பதில் போட்டிருந்தார்: அந்த மனிதரைக் கழுவிக் கிடத்தியவர்களில் நானும் ஒருத்தி, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மகள் தானும் வருவேன் என்று நின்றாள். “கலியாணம் பேசின பிள்ளை சுடலைக்கு வாறதோ? விசர்க் கதை கதையாதை” என்று அக்கா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாமா, அப்ப நீங்க அம்மாவோட போங்கோ. ஐ ஜஸ்ட் வாண்ட் டு நோ” என்றாள். அக்கா ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். “எண்டைக்குப் போவம்?” என்று கேட்டார். போனால் அந்த அம்மையார் கயிற்றைப் பற்றிச் சொல்வார். சொன்னால் அக்கா என் பக்கம் திரும்பி, இதை நீ ஏன் எழுதவில்லை என்று கேட்பார். பன்னிரண்டு வருடம் அந்தப் பொட்டோடு சபை சபையாகச் சண்டை பிடித்த மனுஷியை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

மே மாதத்தில் ஒரு காலை கிங்ஸ் குரொஸில் ரயில் ஏறினோம். அக்கா சேலைக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்டு, மடியில் ஒரு பை வைத்திருந்தார். யோர்க் தாண்டியதும் பையைத் திறந்தார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும். பெட்டி முழுக்க வாசம். எதிரே இருந்த கிழவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். “அவருக்கும் கொஞ்சம் வேணுமோ எண்டு கேள்” என்றார் அக்கா. அபர்டீனில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் பஸ் எடுத்தோம். வழியெல்லாம் அக்கா அத்தானைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மண்டபத்துக் கதிரைகள், வீடியோக்காரன், பலகாரம் சுட யாரைக் கூப்பிடுவது என்பதையே பேசினார். நானும் நல்லபிள்ளையாக எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன்.

கிராமம் என்று சொன்னால் ஒரே ஒரு தெரு. அதன் ஒரு பக்கம் கடல். வீடுகள் கடலைப் பார்க்காமல் பக்கச் சுவரை அதற்குக் காட்டிக்கொண்டு நின்றன. “கடலோடை கோவம் போலை” என்றார் அக்கா. காற்றுக்கு அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சிறிய துறைமுகத்தில் நாலைந்து வள்ளங்கள், கரையில் நண்டும் சிங்கிறாலும் பிடிக்கிற கூடுகள் அடுக்கடுக்காக. கடலோரப் புல்வெளியில் கம்பங்கள் நட்டு ஊரே உடுப்புக் காயப்போட்டிருந்தது. நாங்கள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து பனிப்புகார் ஏறி வந்து, ஈர விறகை அடுப்பில் வைத்ததுபோல எல்லாவற்றையும் மூடிவிட்டது. மே மாதத்தில் எனக்குப் பல் கிட்டியது. அக்கா பாசியையும் மீனையும் மோந்து பார்த்து, “அங்கையும் இஞ்சையும் மணம் ஒண்டுதான்” என்று மட்டும் சொன்னார்.

தபாற்கந்தோர் அம்மையாருக்கு எழுபது வயது இருக்கும். கட்டையான, கன்னம் சிவந்த மனுஷி. கடையை அரை நாளுக்குப் பூட்டிவிட்டுப் பின்னால் இருந்த தன் சமையலறையில் எங்களை இருத்தினார். தேத்தண்ணி, வெண்ணெய் பூசிய பணிஸ். சுற்றி வளைக்காமல் தொடங்கினார். அந்த ஊரில் கடல் கொண்டுவந்து போடுகிறவர்களைப் பெண்கள்தான் கழுவுவார்களாம். அவருடைய தாயும் செய்தாராம். அன்று உயிர்காக்கும் படகு நிறுத்தும் கொட்டகையில், அவரும் இன்னொரு பெண்ணும் கழுவினார்களாம். “அவரது இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. அதில் சின்னதாய் ஒரு வெள்ளிக் குழல். டொக்டர் கத்தரிக்கோலை எடுத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். இதை ஒரு பெண் கட்டியிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்றேன். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். ஆனால் அதைப் பற்றி யாருமே கேட்டு எழுதவில்லை. கட்டியவள் எங்கே என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.”

இதை நான் தமிழில் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அம்மையாரின் பேச்சுப் பாணி அந்த ஊர் ஆட்களுக்கே உரியது, அக்காவின் ஆங்கிலத்துக்கு எட்டியிராது என்று எனக்கு ஒரு நப்பாசை. அந்த ஒரு நிமிடத்தில் என் புத்தி எங்கெல்லாம் ஓடியது தெரியுமா? கயிற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லலாமா, அடையாளம் ஒன்றுமில்லை என்று முடிக்கலாமா, பிறகு அழைப்பிதழில் என்ன போடுவது? அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மையாரைப் பார்த்து ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்: “எத்தனை முடிச்சு?” அம்மையார் மூன்று விரலைக் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று, தண்ணீரில் ஊறி இறுகிக் கல்லாய்ப் போயிருந்தன என்றார். அக்கா தலையை ஆட்டினார். கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, அந்த அம்மையாரின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சேமக்காலை மேட்டில் இருந்தது. எங்கள் பெண்கள் சுடலை வாசலைக் கண்டதில்லை. அக்கா இரும்புப் படலையடியில் நின்றுவிட்டார். அம்மையார் ஒன்றும் கேட்காமல் அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முழங்கால் உயரக் கல். பெயர் தெரியாத மாலுமி என்றும், கண்டெடுத்த மாதமும் ஆண்டும் வெட்டியிருந்தது. முன்னால் ஒரு ஜாம் போத்தலில் மஞ்சள் பூ. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றார். நான்தான் அழுதேன். கட்டுப்படுத்த முடியாமல், மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளைபோல அழுதேன். அன்றைக்கே வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் அடையாளம் சொல்லியிருப்பேன். அக்கா அழவில்லை. “புல்லு வடிவாய் வெட்டியிருக்கிறாங்கள்” என்றார். பிறகு, “போவம் தம்பி, பஸ் வந்திடும்” என்றார். பஸ்ஸில் நான் எதிர்பார்த்த கேள்வியை அவர் கேட்கவில்லை. ரயிலிலும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கல்லில் அத்தானின் பெயர் இருக்கிறது. அம்மையாரே முன்னின்று வெட்டுவித்தார். அவரும் இறந்துபோய், அதே மேட்டில்தான் இருக்கிறார். தபாற்கந்தோர் இருந்த இடம் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடாகிவிட்டது. கூடுகள் அடுக்கியிருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மருமகள், அதுதான் அக்காவின் மகள், ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் ஒரு கிழமை நிற்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு அது தாத்தாவின் ஊர். யாழ்ப்பாணத்தை இன்னும் காணாதவர்கள், துறைமுகச் சுவரில் எந்த இடத்தில் நின்றால் நண்டு பிடிபடும் என்று எனக்குச் சொல்லித்தருகிறார்கள். போன ஆண்டு நானும் போனேன். குளிர் மட்டும் மாறவில்லை.

அந்த மே மாதத்தில் லண்டனுக்குத் திரும்பிய கிழமையே அக்காவையும் கூட்டிக்கொண்டு லூயிஷாமில் இருந்த ஐயர் வீட்டுக்குப் போனேன். விடயத்தைக் கேட்டதும் ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். “செத்த நாள் தெரியாட்டில், செய்தி கேள்விப்பட்ட நாள்தான் கணக்கு. அதிலையிருந்துதான் சாவுத் துடக்கு, அதுதான் திதி. எப்ப கேள்விப்பட்டியள்?” என்றார். “போன கிழமை, ஐயா” என்றேன் நான். ஐயர் உதட்டைப் பிதுக்கினார். “அப்பிடியெண்டால் முப்பத்தொண்டு நாள் கழியவேணும். ஒரு வருஷத்து ஆட்டைத் திவசம் முடியாமல் பெத்த பிள்ளையின்ரை கலியாணத்தைச் செய்யச்சொல்லி நான் சொல்லமாட்டன். ஆவணி ஏலாது.” மண்டபம், மாப்பிள்ளை வீடு, மருமகளின் முகம் எல்லாம் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. அப்போது அக்கா பேசினார். “போன கிழமை இல்லை ஐயா. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி. பங்குனி மாசம், வெள்ளிக்கிழமை. தேய்பிறை ஏகாதசி, நான் விரதம். பள்ளிக்கூடத்தாலை வர, இவன்ரை கடிதம் வந்து கிடந்தது.”

ஐயர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அதிலை ஆள் செத்தது எண்டு எழுதியிருந்ததோ?” என்று கேட்டார். “இல்லை. அடையாளம் கேட்டு எழுதியிருந்தான். எல்லாத்தையும் எழுதினன். அரைஞாணையும் அச்சரக்கூட்டையும் எழுதேல்லை. நான் கட்டினது, எனக்குத் தெரியாதே? எழுதினால் ஓம் எண்டு பதில் வந்திடும் எண்டு தெரியும். அதுதான் எழுதேல்லை. எனக்கு அவர் செத்தது அண்டைக்குத்தான்.” ஐயர் பேனையை எடுத்து, பங்குனி, தேய்பிறை ஏகாதசி என்று எழுதிக்கொண்டார். “அப்ப துடக்கு எப்பவோ கழிஞ்சுது. ஒரு சாந்தி செய்து அந்தியேட்டிக் கிரியையை முடிச்சால் காணும். ஆவணியிலை கலியாணத்தை வையுங்கோ” என்றார்.

அழைப்பிதழில் ‘காலஞ்சென்ற’ என்று அச்சாகியது. மாப்பிள்ளையின் தாய்க்கு நிம்மதி. ஆவணியில் கலியாணம் நன்றாக நடந்தது. நானும் என் மனைவியும் பெற்றோர் இடத்தில் இருந்து தாரை வார்த்தோம். அக்கா வெறும் நெற்றியோடு சபையில் முதல் வரிசையில் இருந்தார், தட்டை நீட்டுவதா விடுவதா என்று யாரும் தடுமாறத் தேவையில்லாமல். அத்தானின் கையில் இருந்திருக்க வேண்டிய பிள்ளையின் கையை நான் பிடித்துக் கொடுத்தபோது அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. அதற்குக் காரணம், ஐயர் வீட்டிலிருந்து நாங்கள் இருவரும் திரும்பி வந்த பஸ்ஸில் நடந்த பேச்சு.

மேல் தட்டில் முன் ஆசனத்தில் இருந்தோம். அக்கா மகளின் கலியாணத்துக்காகப் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கணக்கு ரீச்சர் அல்லவா, ஐயரின் கணக்கை ஒரு நொடியில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் மெச்சுதல்கூட இருந்தது. “நல்ல பொய் அக்கா” என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “பொய்யில்லை” என்றார். பஸ் இரண்டு தரிப்பு தாண்டியது. “பேப்பரை எடுத்துவைச்சு ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு எழுதினன். ஐஞ்சு எண்டும் போட்டனான். போட்டிட்டு வெட்டினன். அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு முப்பத்து நாலு. பொட்டை அழிச்சு மூலையிலை இருத்தியிருப்பினம். எனக்குப் பயமடா தம்பி.” அதன் பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: “நான் எழுதாட்டிலும் நீ எழுதுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். உன்ரை இடுப்பிலையும் கிடந்ததுதானே. நீ எழுதினால் அது என்ரை கையாலை வந்ததில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்தன். வரேல்லை. நீயும் மறந்துபோனாய்.”

“ஓம் அக்கா, மறந்துபோனன்” என்றேன். அக்கா என் முழங்காலில் இரண்டு தரம் தட்டினார். “பரவாயில்லை. சின்னப் பெடியன்தானே நீ” என்றார். அன்றிலிருந்து இறக்கும்வரை ஒவ்வொரு பங்குனி ஏகாதசிக்கும் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். மறந்துபோன தம்பி என்று நினைத்துத்தான் போட்டார். ஐப்பசியில் எனக்கு நினைவு வந்ததையும், அதற்குப் பிறகும் நான் எழுதாமல் இருந்ததையும் அவரிடம் நான் சொல்லவே இல்லை.